மோட்டார் ஓடும்போது மட்டும்

டிசம்பர் 14

போன வருடம் குவாரிக்காரர் வீட்டுக்கு வீடு கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர் படம், கும்பிட்டபடி சிரிக்கிறார். ஒரு வருடமாக அலமாரியில் சும்மா கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு இன்றிலிருந்து எழுதப் போகிறேன். பேசாமல் விட்டதையெல்லாம் எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் செம்மாண்டவலசுக்காரர்கள் எல்லோரும் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த ஆள் யார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, இதோ பக்கத்தின் மூலையிலேயே இருக்கிறார். கல் குவாரி முதலாளி சண்முகசுந்தரம், பூட்டு சின்னம். ஊர் ஓட்டு ஒன்றுகூடச் சிதறாமல் விழுந்தால் கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருவாராம். அவரை எதிர்த்து நிற்பது கீழ்வலசு மரகதம் டீச்சர். குவாரியை மூட வேண்டும் என்று சொல்கிறவர். அவருக்குக் கத்தரிக்காய் சின்னம்.

தர்மகர்த்தா அப்புக்குட்டி மாமா எழுந்து, "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி என்னைவிட உயரமாகத் தூக்கினார். குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர், அவர் தூக்காமல் யார் தூக்குவார்கள்?

எனக்கும் முழுச் சம்மதம்தான். இதைத் தெளிவாகவே எழுதி வைக்கிறேன். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கும் இடமெல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுதியதைப் படித்துவிட்டு இந்த டைரிக்கு மேல்தான் அடிக்கடி வைக்கப் போகிறார்.

டிசம்பர் 17

நான் நடத்தும் மாவு மில்லில் காலையிலிருந்து கம்பு. அரைக்கிற கல்லைக் கழற்றிக் கொத்தி மாட்டவே மத்தியானம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் கல் சீக்கிரம் தேய்கிறது. மொட்டைமாடியில் காயப்போட்ட தானியத்தோடு குவாரித் தூசியும் சேர்ந்து வருகிறது. மிளகாய் சிவப்பாக வர வேண்டும், விபூதி பூசிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் குவாரியில் வேட்டு வைத்தார்கள். சமையலறைச் சுவர் விரிசலில் போன மாதம் காகிதம் நுழைந்தது, இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. சுவரில் விரிசல் இருக்கிறது என்று எழுதினேன், அவ்வளவுதான். இதில் அரசியல் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 20

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் காதோடு வாயை வைத்துக் கத்துவார்கள். மருமகள் கதை, நாத்தனார் கதை எல்லாம் அப்படித்தான் எனக்கு வந்து சேரும். கத்தியதை நான் ஒருத்திதான் கேட்டிருப்பேன்.

தேர்தல் வந்ததிலிருந்து மருமகள்களுக்கு விடுதலை. எல்லோரும் கத்துவது ஒன்றையேதான். "குவாரி வந்த பொறவு கெணத்துத் தண்ணி பாலாட்ட வெள்ளையா வருதுடி." "என்ற மவனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது." "கோபுரத்தைக் கட்டி என்ன பண்றது, ஊடு இடிஞ்சு உழுந்திரும்போல." கடைசியில் ஒவ்வொருத்தரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே முத்தாய்ப்பு வைக்கிறார்கள்: "யார்கிட்டயும் சொல்லீராத, ஊர்ல நான் ஒருத்திதான் இப்படி நெனைக்கறேன்."

இன்றைக்கு மட்டும் ஐந்தாறு 'ஒருத்தி'கள். அடுத்தடுத்து வரிசையில் நின்றுகொண்டே, ஒருத்திக்கு இன்னொருத்தி தெரியாமல் சொல்கிறார்கள். எனக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. எல்லோருக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 24

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தர்மகர்த்தா வீட்டுச் சுலோச்சனா அக்கா மல்லி அரைக்க வந்திருந்தார். ஊருக்கே கட்டளை போடுகிறவரின் மனைவி. மோட்டார் ஓடுகிற தைரியத்தில் என் காதில் வாய் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் கரண்டு போயிற்று. மோட்டார் சட்டென்று நின்றது. அக்காவின் வாய் நிற்கவில்லை. "இந்தாளு செயிச்சா ஊரே பள்ளமாப் போயிரும்!" என்ற கடைசி வார்த்தைகள் மில் முழுக்கக் கேட்டன. சல்லடையோடு நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்படீன்னு சொல்றவ வாய் புழுத்துப் போகோணும்!" என்று அதே குரலில் முடித்தார்.

"ஆமாங்க்கா, நல்லாச் சொன்னீங்க" என்றார்கள் எல்லோரும். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் காலையில் என் காதில் கத்தியவர்கள்தான்.

டிசம்பர் 27

ஓட்டுப் போட்டாயிற்று. ஊர் சொன்னபடிதான்.

ஜனவரி 3

குவாரிக்காரர் ஜெயித்துவிட்டார். வெடி, மேளம், ஊர்வலம் எல்லாம் கீழ்வலசில் ஆரம்பித்து எங்கள் ஊர் எல்லையில் அப்படியே நின்றுவிட்டது. அவர் ஊருக்குள் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெட்டியில் கத்தரிக்காய்க்கு முப்பத்தெட்டு ஓட்டு விழுந்திருக்கிறது. "செம்மாண்டவலசுக்காரங்க கையத் தூக்கிட்டு முதுகுல குத்திட்டாங்க" என்று எண்ணுகிற இடத்திலேயே சொன்னாராம்.

ஜெயித்தவருக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று புரியவில்லை. வீட்டுக்காரர் செய்தியைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "யாரா இருக்கும்?" என்றார். "யாருக்குத் தெரியும்?" என்றேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 5

ஊரில் இப்போது கத்தரிக்காய் வாங்க ஆள் இல்லை. சைக்கிளில் காய் கொண்டு வருகிறவர் இரண்டு நாள் கூவிப் பார்த்துவிட்டு, இன்று கூடையின் மேல் கோணியைப் போட்டு மூடிக்கொண்டு போனார். வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் உயிர். "அந்தாளு கூடையில நல்லாப் பிஞ்சா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நான் பூசணிக்காய் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஒரு காயைக்கூட ஆசைப்பட்டுத் தின்ன முடியாத ஊர் என்ன ஊர்!

ஜனவரி 8

கோயிலில் இன்று சத்தியம். வீட்டுக்கு ஒருவர் வந்து, அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்து, "நானும் என் வீட்டாரும் பூட்டுக்குத்தான் போட்டோம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வீட்டோடு ஊரில் யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, மில்லில் அரைக்கவும் கூடாது. மில்லைத் தனியாகப் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். வீட்டுக்காரருக்கு டிப்பரில் நடை இருந்தது. நான்தான் போனேன்.

வரிசையாகப் போய் அணைத்தார்கள். எல்லோரும் சொன்னார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. முப்பத்தெட்டு ஓட்டையும் அம்மனே வந்து போட்டுவிட்டுப் போயிருப்பாள் போல.

பிறகு கண்டக்டர் அர்த்தநாரி அண்ணன் முறை. பஸ்ஸில் சொந்த மாமனாருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனுஷன், ஓய்வு பெற்றும் அந்த முறுக்குப் போகவில்லை. தேர்தலின்போது குவாரிக்காரருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவரே அவர்தான். அவர் பூட்டுக்குத்தான் போட்டிருப்பார் என்பது ஊருக்கே தெரியும். கற்பூரத் தட்டுக்கு முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சொல்லு அர்த்தநாரி" என்றார் அப்புக்குட்டி மாமா.

"சொல்ல மாட்டனுங்க."

"ஏன், கத்தரிக்குப் போட்டியா?"

"யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். மறைச்சுப் போடறதுக்குத்தான் அங்க அட்டை கட்டி வெச்சிருக்கறாங்க. சாமி கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டா எதுக்குச் சொல்லோணும்?"

கூட்டத்தில் யாரோ, "பாத்தீங்களா, வெளிய பூட்டு, உள்ள கத்தரி" என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. அண்ணன் வீட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அத்தனை பேரில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லாதவர்கள் இன்னும் சிலர் இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு முன்னாலேயே என் முறை முடிந்துவிட்டது. அணைத்தேன், சொன்னேன். கை கொஞ்சம் சுட்டுவிட்டது.

ஜனவரி 9

கொஞ்சம் இல்லை, உள்ளங்கையில் நன்றாகவே கொப்புளம். பொய்ச் சத்தியம் செய்தால்தான் சுடும் என்பார்கள். அதெல்லாம் சும்மா, கற்பூரத்துக்கு என்ன தெரியும், கை வைத்தால் சுடத்தான் செய்யும்.

ஆனால் இன்று மில்லுக்கு வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. ஒருத்தி கையில் மருதாணி அப்பிக்கொண்டு வந்திருக்கிறாள், பண்டிகையா விசேஷமா? ஒருத்திக்குத் தோசைக்கல் பட்டுவிட்டதாம். இன்னொருத்தி இடது கையால் டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கி வருகிறாள். ஒவ்வொருத்தியும் மற்றவள் கையைத்தான் பார்க்கிறாள், கேட்பதில்லை. நானும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, பெல்ட் உரசிவிட்டது என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் துணியைப் பிரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்து, ஊதி ஊதிப் போட்டுவிட்டார்.

"நல்ல வேளை, நான் வரல" என்றார். "எனக்கும் சுட்டிருக்கும்."

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் ஓட்டும் எங்கே விழுந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அழுதுவிட்டேன், மருந்து எரிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரி 12

இன்றைக்கு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது.

அர்த்தநாரி அண்ணன் மனைவி பாவாயி அண்ணி ராகிப் பையோடு மில் வாசலில் வந்து நின்றார். உள்ளே மூன்று பேர் அரைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மில்லை மூட வைத்துவிடுவார்கள், வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும், எல்லாம் அந்த ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது.

வெளியே வந்து, "பெல்ட் அறுந்து போச்சுங்க அண்ணி" என்றேன்.

எனக்குப் பின்னால் பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதை ஒரு தரம் பார்த்தார். "சரி கண்ணு, கட்டுனதும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் தெருமுனை திரும்பும் முன்பே உள்ளேயிருந்து ஒருத்தி ஓடி வந்து என் காதில் கத்துகிறாள்: "பாவம்டி, அவீங்க என்ன தப்புப் பண்ணுனாங்க!"

என்னிடம் எதற்குக் கத்துகிறாய்? ஊரிடம் போய்க் கத்து என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. என் வாயிலும் பூட்டுதான்.

ஜனவரி 13

எதிர்த்தெருவில் பாவாயி அண்ணி கையால் ராகிக்கல் சுற்றும் சத்தம். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் கேட்கிறது. நாள் முழுக்க மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினேன்.

ஜனவரி 19

இதை எழுதிவிட வேண்டும். வீட்டுக்காரர் படித்தாலும் சரி, மூலையில் சிரிக்கிறவர் படித்தாலும் சரி.

காலையில் மில் நிறைய ஆள். பொங்கல் முடிந்து எல்லோர் வீட்டிலும் மாவு தீர்ந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா அக்கா மல்லி மிளகாய் டப்பாவோடு வந்து, வழக்கம்போல் என் காதைப் பிடித்துக்கொண்டார்.

"அர்த்தநாரி பூட்டுக்குத்தான் போட்டிருப்பான், எனக்கு நல்லாத் தெரியும். பழி அவன் தலையில உழுந்திருச்சு. நான் போட்டது வேறடி. யார்கிட்டயும் சொல்லீராத, என்ற வீட்டுக்காரருக்கே தெரியாது."

அப்போது பாவாயி அண்ணி வெளியே போவது தெரிந்தது. தலையில் ராகிப் பை. அடுத்த ஊர் மில்லுக்கு வெயிலில் நடந்தே போகிறார். கல் சுற்றிக் கை ஓய்ந்துபோயிருக்கும். நான் ஓடிப்போய்ப் பையை இறக்கி வாங்கினேன். "வேண்டாங்கண்ணு, உனக்குத்தான் சங்கடம்" என்றார். கேட்காமல் உள்ளே கூட்டி வந்து ராகியைத் தொட்டியில் கொட்டினேன்.

சுலோச்சனா அக்கா என் காதில் மறுபடி கத்தினார். "என்னடி பண்றே? ஊர்க் கட்டுப்பாடு! எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னாகறது?"

எனக்குள் எதுவோ அறுந்தது. நிஜமாகவே அறுந்தது அதுதான். போய் சுவிட்சை அணைத்தேன். கல் மெதுவாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னேன்.

"நான் கத்தரிக்காய்க்குத்தான் போட்டேன். கோயில்ல பொய்ச் சத்தியம் பண்ணுனேன். தள்ளி வெக்கறதுன்னா என்னையத்தான் வெக்கோணும், அர்த்தநாரி அண்ணனை இல்லை."

வெளியே ஒரு கோழி கொக்கரித்தது மட்டும் கேட்டது.

"வேற யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்றதுக்கு இருந்தாச் சொல்லுங்க. மோட்டார் நின்னிருச்சு, நல்லாக் கேக்கும்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் காதில் கத்திய அத்தனை வாயும் அங்கேதான் இருந்தது. ஒருத்தி சல்லடையைப் பார்த்தாள். ஒருத்தி டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். சுலோச்சனா அக்கா முதலில் வெளியே போனார், டப்பாவைக்கூட எடுக்கவில்லை. மற்றவர்கள் அரைக்காத தானியத்தை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ஐயோ, ஒருத்தி, ஒரே ஒருத்தி வாயைத் திறந்திருக்கக் கூடாதா! நான் அவர்கள் பேரைச் சொல்லவில்லையே. சொல்லவும் மாட்டேன். ஆனால் எவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மோட்டாரைப் போட்டு அண்ணியின் ராகியை அரைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 20

அரைக்க யாரும் வரவில்லை. மத்தியானமே வீட்டுக்காரர் வந்துவிட்டார். குவாரியில் டிப்பர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். என்னால்தான். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு பையை நீட்டினார். உள்ளே கத்தரிக்காய். தெரு முழுக்கப் பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"குழம்பு வை" என்றார். "சன்னலைச் சாத்த வேண்டாம்."

வேலைக்கு என்ன வழி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 22

ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீட்டையும் தள்ளி வைத்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக் கட்டுப்பாட்டையும் எடுக்கவில்லை. நான் அரைத்துக் கொடுத்ததால் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகளாம்.

சாயங்காலம் அர்த்தநாரி அண்ணன் மில்லுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவே இல்லை.

"உன்ன எவன் என்னையக் காப்பாத்தச் சொன்னான்?" என்று ஆரம்பித்தார். "கத்தரிக்குப் போட்டவ, கோயில்ல வந்து எதுக்குப் பூட்டுன்னு சொன்னே? அன்னிக்கே என்னாட்டச் சொல்ல மாட்டேன்னு நின்னிருந்தா நாம ரண்டு பேராச்சு இருந்திருப்போம்!"

"பயமா இருந்துச்சுங்கண்ணா."

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றார். "நான் பூட்டுக்குத்தான் போட்டேன். சாமிகிட்டச் சொல்லல, ஊருகிட்டச் சொல்லல. உன்கிட்டச் சொல்றேன். ஏன்னா நீ கேக்கல."

"அந்தாளுக்கா போட்டீங்க? எங்க வீட்டுச் செவுத்தை வந்து பாருங்கண்ணா, விரல் நுழையுது!"

"செவுத்தைப் பூசிக்கலாம். குவாரி வரலைன்னா ஊருக்கு ரோடு வந்திருக்குமா? இருவது ஊட்டுப் பசங்க திருப்பூருக்கு ஓடாம இங்கயே சம்பாரிக்கறாங்களே, அது உன்ற கண்ணுக்குத் தெரியலையா?"

"அந்தப் பசங்கதான் இருமிட்டுத் திரியறாங்க!"

"உன்ற வீட்டுக்காரன் சோறு தின்னதே அதுலதான்!"

அப்படியே பிடித்துக்கொண்டோம். அவர் கையை நீட்டிப் பேச, நானும் நீட்டிப் பேச, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மோட்டார் ஓடவில்லை, ஒவ்வொரு வார்த்தையும் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அவர் சொன்னதில் ஒன்றுக்குக்கூட நான் சம்மதிக்கவில்லை. அவரும் அப்படித்தான். கடைசியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்கு வாரேன், இன்னும் முடியல" என்று போனார். நீ நினைப்பது தப்பு என்று முகத்துக்கு நேராக ஒருவர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! மனசு இலேசாகிவிட்டது.

அவர் போனதும் சுலோச்சனா அக்கா வாசலில் வந்து நின்றார். விட்டுப்போன டப்பாவுக்காக வந்தாராம். எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார், போகவில்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"துளசி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சித்த மோட்டாரைப் போடு கண்ணு."

"பெல்ட் அறுந்து போச்சுங்க்கா" என்றேன். "சும்மாவே சொல்லுங்க."

அக்கா பெல்ட்டைப் பார்த்தார். முழுசாகத்தான் இருக்கிறது. இன்னும் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அரைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.